வனங்காக்கும் மகளிர்

தினைப்புனங் காக்கும் மகளிரைச் சங்கப் புலவர்கள் பலபடப் பாடியுள்ளனர். பரண்மீது அமர்ந்து, முற்றிய கதிரைக் கிளிகள் கொய்து செல்லாவண்ணம் ஓட்டுதல் குறிஞ்சிநிலத்துக் கன்னியரின் கடமையாக இருந்தது. இன்று தென்னாபிரிக்காவின் வடகிழக்குப் பகுதியிலும் மகளிர் சிலர் காவல் புரிகின்றனர். அவர்கள் காப்பது பயிரையன்று, வனவிலங்குகளை. அஞ்சிக் காப்பது பறவைகளுக்கன்று, மனிதருக்கு.

இம்மகளிர் குழுவுக்குக் 'கறுப்பு மம்பா' என்பது பெயர். கொடிய நஞ்சுடைய ஆபிரிக்கப் பாம்பொன்றின் பெயர் அது. பெயர் அச்சந் தருவதாயினும் இக்குழுவினர் துப்பாக்கி ஏந்தி ரோந்து செல்வதில்லை. கண்ணை எரிக்கும் மிளகாய்த் திரவம், கைவிலங்கு, செய்தி அனுப்பும் வானொலிக் கருவி ஆகியனவே அவர்கள் கொண்டு செல்லும் சாதனங்கள். 2013 ஆம் ஆண்டில், குரூகர் தேசிய வனத்தை அடுத்துள்ள பலூலே தனியார் சரணாலயத்தில் இக்குழு அமைக்கப்பட்டது. அயற் கிராமங்களில் வேலையின்றி இருந்த இளம்பெண்களே இதற்குத் தெரிந்தெடுக்கப்பட்டனர்.

குரூகர் வனம் 1926 இல் தேசிய வனமாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது. ஏறக்குறைய 20,000 சதுர கிலோமீற்றர் பரப்புடைய அவ்வனத்தில், 2011 ஆம் ஆண்டளவில் 10,000க்கு மேற்பட்ட வெண் காண்டாமிருகங்கள் வாழ்ந்தன. 2020 இல் அத்தொகை 3,000க்குங் கீழே இறங்கிற்று. வறட்சியும் ஒரு காரணமாயினும், பெருங்காரணம் கொம்பு வேட்டையே. தென்னாபிரிக்கா முழுவதிலும் 2007 இல் களவாகக் கொல்லப்பட்ட காண்டாமிருகங்கள் 13; 2014 இலோ 1,215. இத்தனைக்கும் அக்கொம்பு மனிதரின் நகமும் மயிரும் எப்பொருளாலாயினவோ அப்பொருளாலேயே ஆனது. அதன் சர்வதேச வியாபாரம் 1977 முதல் தடை செய்யப்பட்டுள்ளது. ஆயினும் மருந்தென்றும் செல்வச் சின்னமென்றும் அதை விரும்புவோர் கிழக்காசிய நாடுகளில் இருப்பதால், களவு வியாபாரம் நின்றபாடில்லை.

இச்சூழ்நிலையிலேதான் கறுப்பு மம்பா மகளிர் களமிறங்கினர். விடியற்காலையில் அவர்கள் சரணாலயத்தின் வேலியோரமாக நெடுந்தூரம் நடக்கின்றனர். கம்பி எங்கேனும் அறுக்கப்பட்டுள்ளதா, மணலில் புதிய காலடி பதிந்துள்ளதா என்று நுணுகி நோக்குகின்றனர். இரவில் வாகனமேறி, விளக்கொளி பாய்ச்சியவாறு சுற்றி வருகின்றனர். வேட்டைக்காரரின் தடயத்தைக் கண்டால், ஆயுதந் தாங்கிய காவலருக்கு உடனே அறிவிக்கின்றனர். யானையும் சிங்கமும் காட்டெருமையும் உலவும் இடத்தில் துப்பாக்கியின்றி நடப்பதற்கு வேண்டிய நெஞ்சுரம் சொல்லாமலே விளங்கும்.

அவர்கள் செய்யும் மற்றொரு பணி, சுருக்குக் கண்ணிகளைத் தேடி அகற்றுதல். சில அடி நீளமுள்ள கம்பி ஒன்றே கண்ணி வைக்கப் போதும். இறைச்சிக்காக மானை எண்ணி வைக்கப்படும் அக்கண்ணி, மானையே பிடிக்கும் என்ற நியதியில்லை. சிங்கமும் காட்டுநாயும் யானைக்கன்றும் அதிற் சிக்குண்டு, பல நாள் வருந்தி மடிவதுண்டு. இலங்கை மலைநாட்டிலும் இத்துயரம் புதிதன்று. 2020 மே மாதத்தில் நல்லதண்ணிப் பகுதியில் அரிய கருஞ்சிறுத்தை ஒன்று கம்பிக் கண்ணியில் அகப்பட்டு, சிகிச்சை அளித்தும் பிழையாது இறந்ததை நேயர்கள் பலர் அறிந்திருப்பர்.

கறுப்பு மம்பா மகளிரின் சேவையைப் பாராட்டி, ஐக்கிய நாடுகள் சுற்றாடல் திட்டம் 2015 இல் அவர்களுக்குப் 'புவியின் வாகையர்' என்னும் விருதை வழங்கிற்று. எனினும் அவர்களுடைய பணியின் முழுப் பயனும் வேலிக்குள்ளே காணப்படுவதன்று. களவாக வனத்துள் நுழைவோருட் பலர் அயற் கிராமங்களின் வறிய இளைஞர். கொம்பின் விலையிற் பெரும்பங்கு தொலைவிலுள்ள வியாபாரிகளைச் சேர, உயிராபத்து மட்டும் இவ்விளைஞரைச் சேருகிறது. அதே கிராமத்துப் பெண்ணொருத்தி காவற்சீருடை அணிந்து, மாதந்தோறும் சம்பளங் கொணர்ந்து, பிள்ளைகளைப் படிக்க வைக்கும்போது, காட்டினால் நேர்வழியிலும் பிழைக்கலாம் என்பதை ஊரார் கண்கூடாகக் காண்கின்றனர். பள்ளிச் சிறாருக்கு இயற்கைக் கல்வி புகட்டும் பணியும் இக்குழுவோடு இணைந்து நடைபெறுகிறது.

இதற்கெல்லாம் வேண்டிய பணம் எங்கிருந்து வருகிறது? கொடையாளரின் உதவி ஒருபுறமிருக்க, அப்பிரதேசத்துச் சரணாலயங்களைத் தாங்கி நிற்பது உல்லாசப் பிரயாணமே. 'சபாரி' என்பது சுவாகிலி மொழிச் சொல். பிரயாணம் என்பது அதன் பொருள். முற்காலத்தில் அச்சொல் துப்பாக்கியேந்திய துரைமாரின் வேட்டைப் பயணத்தை நினைவூட்டிற்று. இன்று வருவோரிற் பெரும்பாலார் கொண்டு வருவது படப்பிடிப்புக் கருவி. அவர்கள் செலுத்தும் நுழைவுக் கட்டணமும் விடுதி வாடகையும் வேலி திருத்தவும் காவலருக்குச் சம்பளங் கொடுக்கவும் பயன்படுகின்றன.

ஆயினும் அப்பணம் யாரைச் சேருகிறது என்பது முக்கியமான வினா. தென்னாபிரிக்காவின் வனங்களுக்குக் கசப்பான ஒரு வரலாறுண்டு. நிறவெறி ஆட்சி நிலவிய 1969 ஆம் ஆண்டில், குரூகர் வனத்தின் வடமுனையில் வாழ்ந்த மக்குலேக்கே மக்கள், வனத்தை விஸ்தரிக்கும் பொருட்டுத் தம் பூர்வீக நிலத்திலிருந்து வலிந்து அகற்றப்பட்டனர். விலங்குக்காக மனிதனை விரட்டிய காட்டை அவர்கள் எவ்வாறு நேசிப்பர்? அவ்வாட்சி ஒழிந்தபின், 1998 இல் அந்நிலம் அவர்களுக்கே மீண்டது. அதிற் குடியேறவோ உழுது பயிரிடவோ அவர்கள் முற்படவில்லை; வனமாகவே விட்டு, உல்லாச விடுதிகள் அமைக்க இடங்கொடுத்து, அதன் வருமானத்தைப் பெறுவதென ஒப்பந்தஞ் செய்துகொண்டனர். உரிமை கையில் வந்தபோது, காட்டைக் காப்பது அவர்களுடைய சொந்தக் காரியமாயிற்று.

உல்லாசப் பிரயாணத்தை மட்டும் நம்பியிருப்பதும் ஆபத்தே. 2020 இல் கொரோனா நோய் பரவி எல்லைகள் மூடப்பட்டபோது, விடுதிகள் வெறிச்சோடின, வருமானம் வற்றிற்று. நடமாட்டத் தடையினால் அவ்வாண்டு கொல்லப்பட்ட காண்டாமிருகங்களின் தொகை 394 ஆகக் குறைந்தது உண்மையே. தடை தளர்ந்த மறு ஆண்டில் அது 451 ஆக உயர்ந்தது. விமானம் பறவாத ஓராண்டிலும் காவலுக்குச் சம்பளம் வேண்டும் என்பதை அந்த ஆண்டுகள் உணர்த்தின.

காண்டாமிருகத்தைக் காக்கும் வழிகளுள் எது பயனுடையது என்பதையும் விஞ்ஞானிகள் அளந்து பார்த்துள்ளனர். 2025 இல் வெளியான ஆய்வொன்று, குரூகரையும் அதைச் சூழ்ந்த சரணாலயங்களையும் ஆராய்ந்து, மயக்க மருந்து கொடுத்து விலங்கின் கொம்பை முன்கூட்டியே வெட்டிவிட்ட இடங்களில் களவு வேட்டை 78 வீதம் குறைந்ததெனக் கண்டது. வெட்டிய கொம்பு நகம்போல் மீண்டும் வளரும். ஆதலால் திரும்பத் திரும்ப வெட்டல் வேண்டும். ஆயுதக் காவலுக்கும் கைதுகளுக்கும் பெரும்பொருள் செலவிட்டும், அவற்றால் வேட்டை குறைந்ததற்கு அவ்வாய்வில் உறுதியான சான்று கிட்டவில்லை. வறுமை நீங்காதவரை, சிறை சென்றவனின் இடத்தை நிரப்ப வேறொருவன் வருவான் என்பதே இதனாற் பெறப்படும் பாடம்.

அவ்வாறாயின் காவற்பெண்களின் நடை வீண்தானோ? அன்று. கொம்பை வெட்டினால் காண்டாமிருகம் ஒருவாறு பிழைக்கும்; கண்ணியிற் சிக்கும் மானுக்கும் காட்டுநாய்க்கும் அதனாற் பயனில்லை. கண்ணியைக் கண்டு அகற்றுவதற்கு, அந்நிலத்தை அறிந்த ஒருவர் கால்கடுக்க நடந்தே ஆகவேண்டும். அதனினும் மேலாக, கண்ணி வைக்க நினைப்பவன் தன் ஊர்ப் பெண்ணின் முகத்தை எண்ணிக் கையைப் பின்வாங்க வேண்டும். அத்தகைய காவலை வெளியூர்த் துப்பாக்கி தரமாட்டாது. சிங்கத்தைப் படம்பிடிக்கச் செல்லும் பிரயாணி செலுத்தும் கட்டணத்தில் ஒரு பங்கேனும் வேலிக்கு அப்பாலுள்ள கிராமத்தின் அடுப்பங்கரையைச் சென்றடையுமாயின், அவ்வேலி தானாகவே பலமுறும்.