குப்பையும் குடித்தனமும்
(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சென்னை மாநகரத்துக் குப்பை நெடுங்காலமாகக் கொடுங்கையூரிலும் பெருங்குடியிலும் மலைபோற் குவிக்கப்பட்டு வந்தமை யாவரும் அறிந்ததே. பெருங்குடிக் கிடங்கோ, புள்ளினங்கள் வந்து தங்கும் பள்ளிக்கரணைச் சதுப்பிலேயே அமைந்தது. 2022ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் அது தீப்பற்றிச் சில நாள் புகைந்தது. அப்புகையை உண்டவர் அண்டையில் வாழும் மக்கள். குப்பையை ஈந்தவரோ நாம்.

மக்குங் குப்பை, மக்காத குப்பை, தீங்கு விளைப்பது என வீட்டிலேயே பிரித்துக் கொடுத்தல் வேண்டுமென 2016ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிகள் கூறின. காரணம் எளிது. சோற்று நீர் பட்ட காகிதத்தைப் பழைய பேப்பர்க்காரர் எடுக்கமாட்டார். கண்ணாடிச் சில்லு கலந்த காய்கறித் தோல் வயலுக்கு எருவாகாது. இரண்டு கூடைகள் வைக்க நம் அடுக்களையில் இடமில்லையென்று பெண்டிர் சிலர் கூறுகின்றனர். மெய்தான். என் மனையில் பழந்தாள் பரணில் ஏறிற்று.

சென்ற மாதம் நம்மவர் திருமணமொன்றில் (பெயர் கூறேன், விருந்துண்டவன் பழி சொல்லலாகாது) எச்சில் இலையோடு பிளாஸ்டிக் தண்ணீர்ப் புட்டிகளையும் சுருட்டி எறிந்தனர். மாட்டுக்கு இடவேண்டிய இலை! யானும் அவ்வாறே எறிந்தேனென்பதை நாணத்தோடு சொல்லுகின்றேன்.

ஆகவே, நம் சங்கத்துப் பொங்கல் விருந்தில் புட்டிகளை ஒழித்துக் குவளையில் நீர் வழங்குக என்னும் தீர்மானத்தை இன்று கொணர்கின்றேன். குவளை கழுவ முதல் ஆளாக யான் வருவேன்.