மூளை வீக்கமும் மருந்தும்



மூளைக்குள் இரத்தக் குழாய் வெடித்து வரும் பக்கவாதத்தில், கசிந்த இரத்தம் முதற் பகை. அதனைச் சுற்றி எழும் வீக்கம் இரண்டாம் பகை. மண்டையோடு விரிந்து கொடுக்காது. ஆகவே வீக்கம் பெருகப் பெருக மூளையே நசுங்கும்.

இதனைத் தணிக்க மானிட்டால் மருந்தையோ செறிந்த உப்பு நீரையோ நரம்பு வழியே ஏற்றுகின்றனர். மூளையிலுள்ள நீரை அவை இரத்தத்திற்குள் இழுத்துக்கொள்ளும். ஆயின் அது சில மணி நேரத் துணையே. நோயின் முடிவை அவை மாற்றுமென மெய்ப்பிக்கப்படவில்லை.

'ஸ்டீராய்டு கொடுக்கலாகாதா?' என நாம் கேட்பதுண்டு. மூளைக் கட்டியின் வீக்கத்தை அது குறைப்பது உண்மையே. ஆனால் தாய்லாந்தில் 93 நோயாளிகளிடம் டெக்சாமெதசோனைச் சோதித்து 1987-இல் வெளியிட்ட ஆய்வில், உயிர் காக்கும் பயன் காணப்படவில்லை. நோய்த்தொற்று முதலிய சிக்கல்களே மிகுந்தன.

பின், நம்பிக்கைக்கு இடமெங்கே? இந்தியா உள்ளிட்ட 10 நாடுகளில் 7,000-க்கு மேற்பட்டோரிடம் நடந்த ஆய்வு 2023-இல் வெளிவந்தது. இரத்த அழுத்தத்தின் மேல் எண்ணை ஒரு மணி நேரத்தில் 140-க்குக் கீழே கொணர முயன்று, சர்க்கரையையும் காய்ச்சலையும் அடக்கி, இரத்தம் உறையாதிருக்க முன்னர் உண்ட மருந்தின் வேகத்தையும் முறித்தபோது, நலமடைந்தோர் மிகுந்தனர்.

ஊர்விட்டு வந்த நமக்கு அண்டை வீட்டாரே சுற்றத்தார். எவர்க்கேனும் முகம் கோணினால், கை தளர்ந்தால், பேச்சுக் குழறினால், ஆஸ்பிரின் கொடாது, சி.டி. ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே கொண்டு செல்வோம். இரத்தக் கொதிப்பு மாத்திரையை நாள்தோறும் தவறாது உண்போம். வீக்கத்திற்கு முந்திய காவல் அதுவே.