ஓட்டல் சாப்பாடு ஒத்துக்கொள்ளாவிட்டால் முதல் நாளே என்ன செய்வது?

(நமது சமுதாயக் கூடத்தில் நடந்த காலாண்டுக் கூட்டத்தில், சி பிளாக்கில் வசிக்கும் ஓய்வுபெற்ற உணவு பாதுகாப்பு அலுவலர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

செயலாளர் எனக்குப் பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

போன மாதம் பி பிளாக் பிறந்தநாள் விருந்துக்கு வெளியிலிருந்து வந்த சாப்பாட்டைச் சாப்பிட்டு 11 பேர் படுத்துவிட்டார்கள். இரண்டு குழந்தைகளுக்கு டிரிப்ஸ் ஏற்ற வேண்டி வந்தது. அன்று நம் வாட்ஸ்அப் குழுவில் நூற்றுக்கு மேல் செய்திகள். “அந்தக் கடைப் பக்கமே போகாதீர்கள்” என்று பலரும் எழுதியிருந்தார்கள். உணவு பாதுகாப்புத் துறைக்கு எத்தனை புகார் போனது தெரியுமா? ஒன்றுகூட இல்லை. மிச்சமிருந்த சாப்பாடு காலையிலேயே குப்பை வண்டியில் ஏறிவிட்டது, பில்லும் கூடவே.

“அதிகாரிகள் எதற்கு இருக்கிறார்கள், அவர்களே பார்க்க மாட்டார்களா?” என்று லிஃப்டில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். பார்ப்பார்கள். 2006-ஆம் ஆண்டின் உணவு பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டப்படி, உணவு பாதுகாப்பு அலுவலர் எந்த ஓட்டலுக்குள்ளும் நுழைந்து சோதிக்கலாம், மாதிரி எடுக்கலாம், கெட்டுப்போனதைப் பறிமுதல் செய்யலாம். ஆனால் அவர் வருவது ஏதோ ஒரு நாள், அதிலும் ஒரு மணி நேரம். மீதி நாளெல்லாம் அங்கே சாப்பிடுவது நீங்கள்.

அந்த ஒரு மணி நேரத்தில் நான் என்ன பார்ப்பேன் என்று சொல்கிறேன். வாசலில் உரிமம் மாட்டியிருக்கிறதா என்பது முதலில். பிறகு அடுப்பைக்கூடப் பார்க்க மாட்டேன். நேரே பின்பக்கம் கை கழுவும் தொட்டிக்குப் போவேன். சோப்பு காய்ந்து ஒட்டிக் கிடந்தால் பாதி கதை தெரிந்துவிடும். அடுத்து ஃப்ரிட்ஜ். பச்சைக் கறி மேல் தட்டில், வேகவைத்தது கீழ்த் தட்டில் என்றிருந்தால், மேலேயிருந்து சொட்டுகிற நீர் எங்கே போகும்? சமைத்த உணவு சூடாக வைத்தால் 60 டிகிரி செல்சியஸுக்கு மேல், குளிரில் வைத்தால் 5 டிகிரிக்குக் கீழ் இருக்க வேண்டும். இடைப்பட்ட சூட்டில்தான் கிருமிகள் பெருகும். பகல் சாதம் ராத்திரி வரை மேடையிலேயே கிடந்து ஃப்ரைடு ரைஸ் ஆவது இந்த வகை. “திரும்பச் சூடு பண்ணிட்டோமே சார்” என்பார்கள். சாதத்தில் வளரும் பேசில்லஸ் சீரியஸ் விட்டுவைக்கும் நஞ்சு, கையிலிருந்து வரும் ஸ்டஃபைலோகாக்கஸ் விட்டுவைக்கும் நஞ்சு, இரண்டும் சூட்டுக்கு மசியாதவை. கிருமி செத்தாலும் நஞ்சு நிற்கும்.

குறை இருந்தால் திருத்தச் சொல்லி நோட்டீஸ் கொடுப்போம். திருத்தாவிட்டால் உரிமத்தை நிறுத்திவைக்கலாம், அப்புறம் ரத்து செய்யலாம். சுகாதாரமற்ற இடத்தில் சமைத்ததற்கு 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. போன அன்றே ஷட்டரை இழுத்து மூடிவிட முடியாது. உடனடி ஆபத்து என்று காட்ட வேண்டும். அதைக் காட்டுவதற்குத்தான் உங்கள் உதவி தேவை.

இங்கேதான் நேரம் முக்கியமாகிறது. நீங்கள் பத்து நாள் கழித்துச் சொன்னால், அலுவலர் போய் எடுப்பது அன்றைக்குச் சமைத்த சாப்பாட்டின் மாதிரி. உங்களைப் படுக்க வைத்த குழம்பு எப்போதோ சாக்கடையில் போயிருக்கும். முறைப்படி எடுக்கும் மாதிரிக்கு ஆய்வறிக்கை வர 14 நாள் அவகாசம் உண்டு. அது ‘நல்லது’ என்று வந்தால், அன்றைய சாப்பாடு நல்லது என்று அர்த்தமில்லை. ஆனால் காகிதத்தில் கடை தப்பித்துவிடும்.

2023 செப்டம்பரில் நாமக்கல்லில் ஷவர்மா சாப்பிட்ட 14 வயதுச் சிறுமி இறந்துபோனாள். அதே ஓட்டலில் சாப்பிட்ட வேறு பலரும் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸுக்கு 2025 ஏப்ரலில் தமிழ்நாடு அரசு ஓராண்டுத் தடை போட்டது. நம் பிள்ளைகள் வாரக் கடைசியில் ஆர்டர் செய்வது என்னவென்று உங்களுக்கே தெரியும்.

ஆகவே, வயிறு கலங்கினால் முதலில் டாக்டரிடம் போங்கள். எங்கே, என்ன, எத்தனை மணிக்குச் சாப்பிட்டீர்கள் என்று அவரிடம் சொல்லி, சீட்டில் எழுதச் சொல்லுங்கள். மிச்சத்தை மூடி, தேதி எழுதி, ஃப்ரிட்ஜில் தனியாக வையுங்கள். அது சட்டப்படியான மாதிரி ஆகாது. ஆனால் அலுவலருக்கு எதைத் தேடுவது என்று காட்டும். பில்லைத் தூக்கிப்போடாதீர்கள், 14 இலக்க உரிம எண் அதில் இருக்க வேண்டும். அன்றே 94440 42322 என்ற வாட்ஸ்அப் எண்ணுக்குப் புகார் அனுப்புங்கள். ஒரே சாப்பாட்டைச் சாப்பிட்ட நான்கு வீட்டுக்காரர்கள் தனித்தனியாக எழுதினால் அதன் எடையே வேறு.

கடைக்காரர் பக்கமும் ஒரு வார்த்தை. கடைசியாகச் சாப்பிட்டதுதான் காரணம் என்று உடனே முடிவு கட்டாதீர்கள். ஸ்டஃபைலோகாக்கஸ் சில மணி நேரத்திலேயே வேலையைக் காட்டும். சால்மோனெல்லா இரண்டு மூன்று நாள் கழித்தும் காட்டலாம். கடை பெயரைப் போட்டு குழுவில் எழுதுவதற்கு முன், முந்தைய மூன்று நாள் என்ன சாப்பிட்டோம் என்று எண்ணிப் பாருங்கள். அங்கே தட்டு கழுவுகிறவர்களுக்கும் குடும்பம் இருக்கிறது.

சந்தேகம் வந்தால் நாமே சோதனைக்குக் கொடுக்க முடியுமா என்று ஒரு அம்மா கேட்டிருந்தார்கள். முடியும், சட்டத்தின் 40-ஆம் பிரிவு அனுமதிக்கிறது. ஆனால் வாங்கும்போதே கடைக்காரரிடம் “இதைச் சோதனைக்குக் கொடுக்கப்போகிறேன்” என்று சொல்லிவிட வேண்டும். கட்டணம் நம்முடையது, குறை நிரூபணமானால் அது திரும்பக் கிடைக்கும்.

இன்னொன்று. சிலருக்கு இது பிடிக்காது. நம் வளாகத்திலேயே இரண்டு மூன்று வீடுகளில் இட்லி மாவும் டிபனும் விற்கிறார்கள். கைமணம் பிரமாதம், நானும் வாங்குகிறேன். ஆனால் வீட்டில் செய்து விற்றாலும் பதிவு கட்டாயம். சிறு வியாபாரத்துக்கு ஆண்டுக்கு 100 ரூபாய்தான் கட்டணம். இணையத்தில் விண்ணப்பிக்கத் தெரியாவிட்டால் சாயங்காலம் என் வீட்டுக்கு வாருங்கள், சேர்ந்தே போட்டுவிடலாம்.

பொங்கல் விழாவுக்குச் சமையல்காரருக்கு முன்பணம் கொடுக்கப்போவதாக விழாக் குழு சொல்கிறது. அவருடைய உரிம எண்ணை வாங்கி அறிவிப்புப் பலகையில் ஒட்டிய பிறகு காசோலையில் கையெழுத்துப் போடுமாறு பொருளாளரைக் கேட்டுக்கொள்கிறேன். சாம்பார் அண்டாவுக்கு ஒரு தெர்மாமீட்டர் நான் கொண்டுவருகிறேன்.