கல் நடுமுன் கணக்கெடு!

(மில் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)

தோழர்களே!

நாம் சாலைக்கு விரோதிகள் அல்ல. மழை பெய்தால் சகதியில் இறங்கி வேலைக்குப் போகிறவர்கள் நாம். இரவு ஷிப்டு முடிந்து லாரிகளுக்கு நடுவே சைக்கிளில் வீடு திரும்புகிறவர்களும் நாம்தான். நல்ல சாலை நமக்கு வேண்டும். ஆனால் அது யாருடைய பிழைப்பின் மீது போகிறது, ஓரத்து நிலம் யார் கைக்குப் போகிறது என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

சாலை போடும் அதிகாரிகள் கண்ணுக்கு நிலம் இரண்டே வகை: பட்டா, புறம்போக்கு. பட்டாதாரருக்கு நோட்டீஸ் வரும். புறம்போக்கில் குடிசை போட்டவருக்கு 'ஆக்கிரமிப்பாளர்' என்ற பட்டம் கிடைக்கும். அந்த வயலில் நாற்று நட்டுக் களை பறித்த பெண்கள் எங்கே? வாரத்துக்கு உழுதவர் எங்கே? எந்த ஏட்டிலும் இல்லை!

சட்டம் என்ன சொல்கிறது? 1894ஆம் வருஷத்து வெள்ளையர் சட்டத்தை நீக்கி, பார்லிமெண்ட் 2013இல் புதிய நிலமெடுப்புச் சட்டம் செய்தது. மூன்றாண்டுகள் அந்தப் பகுதியில் உழைத்துப் பிழைத்த நிலமற்ற கூலிக் குடும்பமும் பாதிக்கப்பட்ட குடும்பமே என்று அது ஏற்றது. நிலத்தை எடுக்குமுன் சமூகத் தாக்க ஆய்வு நடத்தி, கிராம சபையைக் கலந்து, பொது விசாரணை வைக்கவேண்டும் என்றது.

தமிழக சர்க்கார் என்ன செய்தது? 105-ஏ என்ற பிரிவைச் சேர்த்து, 2001ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டம் உள்பட மூன்று மாநிலச் சட்டங்களுக்கு விலக்கு வாங்கிக்கொண்டது. 2019 ஜூலையில் சென்னை ஐகோர்ட் அதைச் செல்லாது என்றது. அதே ஆண்டில் சட்டசபை முன்தேதியிட்டு அச்சட்டங்களுக்கு மீண்டும் உயிர் கொடுத்தது. 2021 ஜூனில் சுப்ரீம் கோர்ட் அதை ஏற்றுக்கொண்டது.

இழப்பீடும் மறுவாழ்வும் புதிய சட்டப்படியே உண்டு என்கிறார்கள். யாருக்கு? பட்டியலில் பெயர் உள்ளவருக்கு! ஊரறிய நடக்கும் ஆய்வை எடுத்துவிட்டால் கூலிக்காரர் பெயர் பட்டியலில் ஏறுவது எப்படி? இலை போட்டாயிற்று, பந்திக்கு அழைக்கத்தான் ஆளில்லை!

இன்னொன்றும் பாருங்கள். சாலை வரும் சேதி முதலில் யார் காதில் விழுகிறது? பணம் படைத்தவர் காதில்தான். இருபுறமும் வயலை வாங்கிப் போடுகிறார்கள். கொஞ்ச காலத்தில் வயல் மனையாகிறது. அந்த நிலத்தை சர்க்கார் எடுக்கவில்லை. ஆகவே இழப்பீடு என்ற பேச்சே இல்லை. ஆனால் நடவும் அறுப்பும் போய்விட்டன. வேலையிழந்தவர் மில் வாசலில் வந்து நிற்கிறார். கூலியைக் குறைக்க முதலாளிக்கு அதைவிட வசதி வேறென்ன? மில் தோழர்களே, இது உங்கள் பிரச்சினையும்தான்.

எதிர்த்து நிற்க முடியுமா? 2018இல் மத்திய சர்க்கார் 277 கிலோமீட்டருக்குச் சென்னை–சேலம் எட்டுவழிச் சாலையை அறிவித்தது. ஐந்து மாவட்டங்களின் கிராமங்கள் எதிர்த்து எழுந்தன. 2019 ஏப்ரலில் ஐகோர்ட் அந்த நிலமெடுப்பை ரத்து செய்தது. 2020 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட் அறிவிக்கைகள் செல்லும் என்றது. ஆனால் நிலமெடுப்பு முடியுமுன்னரே சர்க்கார் பெயருக்கு மாற்றிய பதிவுகளைத் திருத்தச் சொன்னது. கல் நட்டால் எல்லாம் முடிந்தது என்ற மலைப்பை அந்த ஊர்கள் உடைத்தன.

நாம் கோருவது இவைதான்:

கல் நடுமுன் சாலையின் வரைபடத்தைத் தமிழில் கிராம சபையில் வை!

கூலிக்காரர், குத்தகைதாரர், சாலையோரக் கடைக்காரர் பெயர்களை ஊரார் முன்னிலையில் எழுது!

குடிசையைப் பிரிக்குமுன் வேலைக்கு அருகில் பட்டாவுடன் மாற்றிடம் கொடு!

சாலையோர நஞ்சை மனையாவதைத் தடு!

ஊர்களிலும் மில் வாசலிலும் கடக்க வழியும், சைக்கிள் பாதையும், பஸ் நிறுத்தமும் அமை!

தோழர்களே! நிலமுள்ள சிறு விவசாயியையும் நிலமற்ற கூலியையும் பிரித்து வைத்தால் சர்க்காருக்கு வேலை சுலபம். ஒருவருக்கு இழப்பீட்டைக் காட்டி மற்றவரைக் கைவிடச் செய்வார்கள். அதற்கு இடங்கொடாதீர்கள். அடுத்த கிராம சபைக்கு ஒன்றாகப் போவோம், இக்கோரிக்கைகளைத் தீர்மானமாக்குவோம். சாலை வரட்டும், அதன் கணக்கில் உழைப்பாளியும் வரவேண்டும்!