வேண்டாத சந்தா

தருமபுரிக்குக் கல்லூரி போகும் பிள்ளை, சாப்பாட்டுச் செயலி ஒன்றில் இலவசச் சந்தா என்று பார்த்துத் தட்டிவிடுகிறான். இலவசம் முடிந்ததும் பணம் தானாகப் போகிறது. நிறுத்தலாம் என்றால் வழி கண்ணில் படுவதில்லை.

நம் ஊர் இண்டூரில் பால்காரரிடம், "நாளையிலிருந்து வேண்டாங்க" என்றால் போதும், நின்றுவிடும். சந்தாவும் அப்படித்தான் நிற்க வேண்டும். நான் சொல்லவில்லை, சட்டம் சொல்கிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2023இல் வந்த நெறிமுறைகள், விலக முடியாத சந்தாவைப் பொறி என்றே சொல்லித் தடை செய்கின்றன.

முதலில் யுபிஐ செயலியில், பணம் தானாகப் போக விடும் ஆட்டோபே அனுமதியை ரத்து செய்யுங்கள். பிறகு, போன பணத்தைக் கேட்டு நிறுவனத்துக்கு எழுதுங்கள். பதில் இல்லையா? தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலேயே பேசலாம். மறுபடி சொல்கிறேன்: ஒன்று, ஒன்பது, ஒன்று, ஐந்து.

அதிலும் தீராவிட்டால் வழக்குதான். நிறுவனம் எந்த ஊரில் இருந்தால் என்ன? நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். நமக்குத் தருமபுரி மாவட்ட நுகர்வோர் ஆணையம் போதும். இவ்வளவு சின்னத் தொகைக்கு மனுக் கட்டணம் கிடையாது. வக்கீலும் கட்டாயமில்லை. இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். பணம் கழித்ததாக வந்த குறுஞ்செய்தியை மட்டும் அழித்துவிடாதீர்கள்.