ஐந்து காசுப் பையின் இரண்டாவது வேலை



"பிளாஸ்டிக் பையை வீட்டில் சேர்த்துவைத்துத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் பழக்கம் போற்றத்தக்கதா, கைவிடத்தக்கதா?" என்பது, நடுவர் ஐயா, இந்தப் பட்டிமன்றத்தில் நமக்குக் கொடுத்த தலைப்பு. போற்றத்தக்கதே என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தங்கை அழகாகப் பேசினார். "குளிர்சாதனப் பெட்டிக்கும் சுவருக்கும் நடுவில் பையைத் திணித்துவைக்கும் வீடு வீடா, கிடங்கா?" என்று கேட்டார். நீங்களும் கைதட்டினீர்கள். அம்மா, அந்தச் சந்தில் இருக்கும் பை சும்மா இருக்கவில்லை. அதற்கு இன்னொரு வேலை பாக்கி இருக்கிறது. அது என்ன வேலை என்று எதிரணியில் ஒருவர்கூடச் சொல்லவில்லை. நான் சொல்கிறேன்.

நாம் வாழ்வது சிங்கப்பூரில், வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) அடுக்குமாடி வீடுகளில். ஊரில் கொல்லைப்புறம் இருந்தது, எருக்குழி இருந்தது, காய்கறித் தோலைத் தின்ன மாடும் ஆடும் இருந்தன. இங்கே பன்னிரண்டாவது மாடியில் மீனைக் கழுவினால், செதிலும் குடலும் போகிற இடம் ஒன்றே ஒன்றுதான்: குப்பைக் குழாய். பழைய புளோக்குகளில் அதன் வாய் அடுப்படியிலேயே இருக்கும். புதிய புளோக்குகளில் மாடிக்கு ஒன்றாக வெளியே பொதுவில் இருக்கும். எங்கே இருந்தாலும், குப்பையைப் பையில் போட்டு, வாயை இறுகக் கட்டித்தான் போட வேண்டும். தேசியச் சுற்றுப்புற வாரியமும் இதைத்தான் சொல்கிறது, நகர மன்றமும் இதைத்தான் சொல்கிறது. கட்டாமல் போட்டால் குழாய்ச் சுவரெல்லாம் குழம்பும் எண்ணெயும் வழியும். கரப்பான் பெருகும். அது உங்கள் வீட்டோடு நிற்காது, மேல்மாடிக்கும் ஏறும், கீழ்மாடிக்கும் இறங்கும்.

இன்னொன்றையும் யோசியுங்கள். பழைய புளோக்குகளில் அந்தக் குழாயின் அடியில் ஒரு தொட்டி இருக்கிறது. அந்தத் தொட்டியைக் காலையில் இழுத்து வெளியே எடுப்பவர் ஒரு மனிதர். பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வந்தவர். சில புளோக்குகளில் நம் தஞ்சாவூர்க்காரராகவோ புதுக்கோட்டைக்காரராகவோகூட இருப்பார். நாம் கட்டிப் போட்ட பை அவர் கையில் பையாக வந்து சேரும். கட்டாமல் கொட்டியதை அவர் கையால் வாரி எடுக்க வேண்டியிருக்கும். உடைந்த கண்ணாடியை இரண்டு பைக்குள் வைத்துக் கட்டும் பாட்டியைப் பார்த்திருக்கிறீர்களா? அந்தப் பாட்டிக்குச் சுற்றுச்சூழல் தெரியாது என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். முகம் தெரியாத ஒருவருடைய விரலை நினைத்து அவர் முடிச்சுப் போடுகிறார்.

சரி, பை வேண்டும் என்று ஆகிவிட்டது. எந்தப் பை? நம் வழக்கே இங்கேதான் இருக்கிறது.

ஒரு வீட்டில், அரிசி பருப்பு தூக்கி வந்த பையே குப்பைக்கும் போகிறது. இன்னொரு வீட்டில், துணிப்பையில் சாமான் வருகிறது. அதே கடையில் குப்பை போடுவதற்கென்று ஒரு சுருள் கருப்புப் பையும் வாங்கி, அந்தத் துணிப்பைக்குள்ளேயே வைத்துக் கொண்டுவருகிறார்கள். கடையிலிருந்து வீடுவரை பார்த்தால் இரண்டாவது வீடுதான் பசுமையான வீடு. ஆனால் அந்தச் சுருளில் உள்ள ஒவ்வொரு பையும் பிறந்ததே குப்பையாவதற்காகத்தான். வாழ்நாளில் ஒரே ஒரு வேலை. முதல் வீட்டுப் பைக்கு இரண்டு வேலை, சில சமயம் ஐந்தாறு வேலை. கடைசியில் இரண்டும் எரியாலைக்குத்தான் போகின்றன, இரண்டிலிருந்தும் கரியமில வாயு வருகிறது. முதல் வீட்டில் ஒரு பை எரிகிறது. இரண்டாவது வீட்டிலும் ஒரு பை எரிகிறது, கூடவே ஒரு துணிப்பையும் தயாராகியிருக்கிறது.

இது என் ஊகமா என்று எதிரணி கேட்கலாம். அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், ஊர் ஊராகக் கடைப் பைகளுக்குத் தடை வந்தபோது என்ன ஆயிற்று என்று சிட்னி பல்கலைக்கழகத்தின் ரெபெக்கா டெய்லர் ஆராய்ந்து 2019-ல் வெளியிட்டார். கடைப் பையில் 4 கோடி பவுண்டு பிளாஸ்டிக் குறைந்தது. அதே நேரத்தில் குப்பைப் பைகளின் விற்பனை எகிறி, 1 கோடியே 20 லட்சம் பவுண்டு திரும்பி வந்தது. சிறிய அளவுக் குப்பைப் பைகளின் விற்பனை மட்டும் 120 சதவீதம் கூடிற்று. மொத்தத்தில் பிளாஸ்டிக் குறைந்ததே என்பார்கள். குறைந்தது, நான் மறைக்கவில்லை. ஆனால் திரும்பி வந்த அந்தப் பங்கு எதைக் காட்டுகிறது? சட்டம் போட்டவர்கள் "ஒருமுறை பை" என்று எண்ணிய பை, வீடுகளுக்குள் சத்தமில்லாமல் இரண்டாவது வேலை பார்த்துக்கொண்டிருந்தது. அதை நிறுத்தியதும் அந்த வேலைக்கு வேறு பையைக் காசு கொடுத்து வாங்கினார்கள்.

இப்போது துணிப்பைக்கு வருகிறேன். எதிரணித் தலைவர் ஒரு பருத்திப் பையை மேடையில் விரித்துக் காட்டினார். புத்தம்புதிய பை. பருத்திக்குத் தண்ணீர் வேண்டும், உரம் வேண்டும், மருந்து வேண்டும்; நூற்க, நெய்ய, வெளுக்க, சாயம் போட, கப்பலில் ஏற்ற எரிபொருள் வேண்டும். பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2011-ல் இந்தக் கணக்கைப் போட்டது. ஒரே முறை பயன்படுத்தி எறியும் மெல்லிய பிளாஸ்டிக் பையோடு புவி வெப்பமாதலில் சமமாக நிற்கவே, ஒரு பருத்திப் பையை 131 முறை பயன்படுத்த வேண்டும். இங்கே கொஞ்சம் கவனியுங்கள் நடுவர் ஐயா, அந்த அறிக்கை அதோடு நிற்கவில்லை. வீட்டுக்கு வந்த பிளாஸ்டிக் பைகள் எல்லாமே குப்பைத் தொட்டிக்கு உறையாக மறுபடி பயன்பட்டால் என்ன ஆகும் என்றும் கணக்கிட்டது. அப்போது அந்த 131, 327 ஆகிவிடுகிறது. 131-லிருந்து 327! நடுவில் இருக்கும் அந்த 196-ஐ எந்தத் தொழிற்சாலையும் சம்பாதிக்கவில்லை, எந்தப் புதுக் கண்டுபிடிப்பும் சம்பாதிக்கவில்லை. பையை எறியாமல் மடித்து வைத்த வீட்டுப் பழக்கம் சம்பாதித்தது. நம் வீட்டுப் பெண்கள் கேள்வி கேட்காமல் காலங்காலமாகச் செய்துவந்ததற்கு ஓர் ஆய்வு அறிக்கை எண்ணாலேயே மதிப்பெண் போட்டிருக்கிறது.

எங்களுக்குத் துணிப்பை பகை இல்லை. தாத்தாவின் பழைய வேட்டியில், கிழிந்த காற்சட்டையில் தைத்த பை வைத்திருக்கிறீர்களா? அதைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். அதற்காகப் புதிதாக ஒரு பருத்திச் செடியும் வளரவில்லை. கருத்தரங்குக்கு ஒன்று, திறப்புவிழாவுக்கு ஒன்று, நெடுவோட்டத்துக்கு ஒன்று என்று இலவசமாகக் கொடுத்துக் கொடுத்து, அலமாரியில் பத்துப் பதினைந்து துணிப்பைகள் தூங்குகின்றனவே, அவற்றைத்தான் கேட்கிறேன். ஒவ்வொன்றும் 131 முறை கடைக்குப் போய் வர நம் ஆயுள் போதுமா?

நம் ஊர்க் கணக்கும் இருக்கிறது. நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தார் 2020-ல் சிங்கப்பூரை வைத்தே ஆராய்ந்தார்கள். குப்பையை எரித்துவிடும், மக்கள் நெருக்கமாக வாழும் நகரத்தில், தடித்த பிளாஸ்டிக் பையைப் பலமுறை பயன்படுத்துவதுதான் நல்லது என்றார்கள். ஒரு மெல்லிய பைக்கு ஈடுகட்ட அதை நான்கே முறை பயன்படுத்தினால் போதும். காகிதப் பை இவற்றிலெல்லாம் மோசமாக நின்றது. பிளாஸ்டிக்கா, பருத்தியா, காகிதமா என்ற சண்டையைவிட, எத்தனை முறை என்ற கேள்விதான் பெரியது.

இந்தப் பையைக் கண்டுபிடித்தவரைப் பற்றியும் ஒரு சேதி. ஸ்டென் குஸ்டாஃப் துலீன், சுவீடன் நாட்டுப் பொறியாளர். இரண்டு காதுகளோடு ஒரே துண்டாக வரும் இந்தப் பைக்கு 1965-ல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. காகிதப் பைக்காக மரங்கள் வெட்டுப்படுகின்றனவே என்ற கவலை அவருக்கு இருந்தது என்று பிற்காலத்தில் அவருடைய மகன் பிபிசியிடம் சொன்னார். அப்பா எப்போதும் சட்டைப்பையில் ஒன்றை மடித்து வைத்திருப்பாராம். மக்கள் இதை ஒரே முறையில் எறிவார்கள் என்பது அவருக்கு விசித்திரமாக இருந்திருக்கும் என்றார் அந்த மகன். நடுவர் ஐயா, ஒரு கருவியை எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்பதில் அதைச் செய்தவரின் கருத்துக்கு மதிப்பு உண்டென்றால், துலீன் எங்கள் அணியில்தான் உட்கார்ந்திருப்பார்.

எதிரணித் தம்பி ஒருவர் தமிழ்நாட்டைக் காட்டினார். 2019 ஜனவரியில் பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்தது, 2021 டிசம்பரில் துணிப்பைக்குத் திரும்பச் சொல்லும் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் வந்தது, நீங்கள் மட்டும் ஏன் பிளாஸ்டிக்கைப் பிடித்துத் தொங்குகிறீர்கள் என்றார். தம்பி, அந்தத் தடை அங்கே தேவையாக இருந்தது. வங்காளதேசம் 2002-லேயே தடை போட்டதற்கும் காரணம் உண்டு: வெள்ளத்தில் வடிகால்களை அந்தப் பைகள் அடைத்துக்கொண்டன. மாட்டின் வயிற்றைக் கீறிக் கிலோக் கணக்கில் பாலித்தீன் எடுத்த படத்தைப் பார்த்தவர்களில் நானும் ஒருவர், அன்று சோறு இறங்கவில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள். வாய்க்காலை அடைத்த பை யார் வீட்டில் மடித்து வைத்திருந்த பை? தெருவில் பறப்பதெல்லாம் யாருமே சேர்த்துவைக்காத பை. வாங்கிய இடத்திலேயே பொட்டலத்தைப் பிரித்துத் தின்றுவிட்டு வீசிய பை. சேர்த்துவைக்கும் பழக்கம் பரவியிருந்தால் அதில் எத்தனையோ தெருவுக்கே வந்திருக்காது.

"சேர்க்கிறேன் என்று சொல்லி இரண்டு மூன்றாக வாங்கிக் குவிக்கிறார்களே" என்பது அடுத்த குற்றச்சாட்டு. இது உண்மைதான், அதை நாங்கள் காப்பாற்ற வரவில்லை. ஒரு ரொட்டிக்கு ஒரு பை, அதற்குமேல் இன்னொரு பை என்று வாங்கிய காலம் இருந்தது. சிங்கப்பூர்ச் சுற்றுச்சூழல் மன்றம் 2018-ல் சொன்ன கணக்குப்படி பேரங்காடிகளிலிருந்து மட்டும் ஆண்டுக்கு 82 கோடி பைகள். 2023 ஜூலை 3 முதல் பெரிய பேரங்காடிகளில் பைக்குக் குறைந்தது 5 காசு என்று வந்ததும், பயன்பாடு எழுபது எண்பது சதவீதம் இறங்கிற்று. நல்ல சட்டம், வரவேற்கிறேன். இலவசமாக வந்த காலத்தில் பையை மடித்து வைக்காதவரைக்கூட இன்று மடிக்கவைத்திருப்பது அந்த ஐந்து காசு. இனி வரவு குறைவு என்பதால், வந்த பையைக் காப்பாற்றும் பழக்கத்துக்கு மதிப்பு கூடத்தான் செய்யும்.

பழக்கம் என்று வெறுமனே சொல்லிவிட்டேன், அதற்குள் எவ்வளவு கைநுணுக்கம் இருக்கிறது தெரியுமா? தேக்கா சந்தையிலிருந்து மீன் வந்த சிவப்புப் பை வேறு எதற்கும் போகாது, நேரே குப்பைக்கு. காய்கறி வந்த பையை உதறி, ஈரம் போக நிழலில் காயவைப்பார்கள். வெயிலில் போட்டால் நொறுங்கிப் பொடியாகும் என்று அவர்களுக்குத் தெரியும். ஊதிப் பார்த்து ஓட்டை இருந்தால் அது காய்ந்த குப்பைக்கு. ஓட்டை இல்லாதது ஈரக் குப்பைக்கு. நல்ல தடிமனான பையைச் சமோசாபோல் முக்கோணமாக மடித்துக் கைப்பைக்குள் வைப்பார்கள். திடீரென்று மழை வந்தால் நனைந்த குடைக்கு, பிள்ளையின் நீச்சலுடைக்கு. திருச்சியிலிருந்து விமானம் ஏறும்போது நல்லெண்ணெய் பாட்டிலையும் ஆவக்காய் ஊறுகாயையும் மூன்று பைக்குள் முடிச்சுப்போட்டு, பட்டுப் புடவைக்குப் பக்கத்திலேயே வைத்து, ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் சாங்கியில் இறக்கியவர்கள் இந்த அரங்கத்திலேயே எத்தனை பேர்! தீபாவளிக்கு முறுக்கு வைத்துப் பக்கத்து வீட்டுச் சீன ஆண்டிக்குக் கொடுத்த பை, அவர்களுடைய புத்தாண்டுக்கு இரண்டு ஆரஞ்சுப் பழங்களோடு திரும்பி வருகிறது.

கூடாதவையும் உண்டு, அதையும் எங்கள் அணியே சொல்லிவிடுகிறது. கொதிக்கும் சாம்பாரை அதில் ஊற்றக் கூடாது. அச்சு மை படிந்த பக்கம் உணவில் படக் கூடாது. தவழும் குழந்தைக்கு எட்டும் இடத்தில் வைக்கக் கூடாது, மூச்சு முட்டிவிடும். மொறுமொறுவென்று ஆன பையை வைத்திருக்கக் கூடாது. இதைச் சொல்லிக் கொடுங்கள், பழக்கத்தையே வெட்டாதீர்கள்.

"மறுசுழற்சித் தொட்டிதான் இருக்கிறதே, அதில் போட்டால் என்ன?" என்று நிறைவாகக் கேட்டார்கள். 2023-ல் சிங்கப்பூரில் சேர்ந்த பிளாஸ்டிக் குப்பையில் மறுசுழற்சிக்குப் போனது 5 சதவீதம். மீதி எரிந்தது. எரிந்து மிஞ்சிய சாம்பல் கடல் கடந்து செமாக்காவ் தீவுக்குப் போகிறது. 1999-ல் அங்கே திறந்த குப்பை நிரப்புமிடம் 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்கிறார்கள். நமக்கு இருப்பது அந்த ஒரே இடம். நீலத் தொட்டியில் போட்டு மனத்தைத் தேற்றிக்கொள்வதைவிட, அதே பையை இன்னொரு முறை வேலை வாங்கினால் புதிய பை ஒன்று உருவாகாமலே போகும்.

மணி அடித்துவிட்டது, ஒரே ஒரு கேள்வியோடு அமர்கிறேன். அடுத்துப் பேச வரும் எதிரணி அன்பர் இதற்குப் பதில் சொல்லிவிட்டு மற்றதைப் பேசட்டும். உங்கள் வீட்டில் சாமான் எல்லாம் துணிப்பையில் வருகிறது, மகிழ்ச்சி. நாளைக் காலையில் மீன் செதிலை எதில் கட்டிக் குழாயில் போடப் போகிறீர்கள்? அந்தப் பை எங்கிருந்து வந்தது?