ஒரே சம்பளம், ஒரு வீட்டில் மிச்சம், ஒரு வீட்டில் கடன்

 

டெல்லியில் பிழைக்கும் நம் ஊர்க்காரர்கள் அடிக்கடி சொல்வது இது: "வருகிற காசு வாய்க்கும் வயிற்றுக்குமே சரி. எதைச் சேர்ப்பது?" உண்மைதான். ஆனால் ஒரே சம்பளம் வாங்கும் இரண்டு வீடுகளில் ஒன்றில் மிச்சம் இருக்கிறது. மற்றொன்றில் கடன் இருக்கிறது. ஏன்?

முதலாவது, பணம் வரும் விதம். வீட்டு வேலைக்கு மாதச் சம்பளம். சம்பள நாளிலேயே ஒரு பங்கை எடுத்து வைக்கலாம். கட்டட வேலைக்கு நாள் கூலி. குளிர்காலத்தில் காற்று மிகவும் கெட்டுப்போனால் டெல்லியில் கட்டட வேலையை நிறுத்தச் சொல்கிறார்கள். வேலை இல்லை என்றால் கூலியும் இல்லை. எனவே வேலை உள்ள நாளிலேயே கொஞ்சம் ஒதுக்க வேண்டும்.

இரண்டாவது, குடியிருக்கும் இடம். 2025 ஜூன் 1 அன்று ஜங்புராவில் மதராசி கேம்ப் இடிக்கப்பட்டது. ஒரு பகுதிக் குடும்பங்களுக்கு நரேலாவில் வீடு ஒதுக்கினார்கள். நரேலா டெல்லியின் வடக்குக் கோடி. வேலை செய்த வீடுகளோ ஜங்புரா பக்கம். தூரம் கூடினால் நேரம் போகும். இரண்டு வீட்டு வேலை ஒன்றாகக் குறையும். இதில் வீட்டுக்காரியின் சிக்கனம் என்ன செய்யும்?

மூன்றாவது, பணத்தை வைக்கும் இடம். 2016 நவம்பர் 8 இரவு, 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். அரிசிப் பானையிலும் சேலை மடிப்பிலும் பெண்கள் ஒளித்து வைத்த பணம் வெளியே வந்தது. ஏன் ஒளித்தார்கள்? வெளியே வைத்தால் குடிக்குப் போய்விடும் என்ற பயம்தான்.

சிலர் தெருச் சீட்டு கட்டுகிறார்கள். மாதம் தவறாமல் கட்டுவது நல்ல பழக்கம். ஆனால் பதிவு இல்லாத சீட்டை நடத்துபவர் ஓடிவிட்டால் யாரிடம் கேட்பது? கையில் ரசீது கூட இருக்காது.

அஞ்சலகத்தில் தொடர் வைப்புக் கணக்கு இருக்கிறது. மாதம் 100 ரூபாய் முதல் கட்டலாம். 5 ஆண்டுகளில் நாம் கட்டியது 6,000 ரூபாய். வட்டி தனி. 2014-இல் தொடங்கிய ஜன்தன் திட்டத்தில், குறைந்தபட்ச இருப்பு இல்லாமலே வங்கிக் கணக்கு தொடங்கலாம். பெண்களே, கணக்கு உங்கள் பெயரில் இருக்கட்டும்.

பணம் கட்டியதும் பாஸ்புத்தகத்தில் பதியச் சொல்லுங்கள். பிறரிடம் நீட்டாமல் நீங்களே பாருங்கள். எழுத்து இந்தியாக இருக்கலாம். எண் நாம் படித்த எண்தான்.